இருபத்துநாலில் ஒரு பங்கு

நிஜ வண்டியின் 24-இல் ஒரு பங்கு அளவில், பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கார் கிட் அது. பெட்டியைத் திறந்ததும் நான் கையில் எடுத்தது வெர்னியர் காலிப்பரைத்தான். செய்முறைத் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. உடற்கூட்டை உறையிலிருந்து உருவி, மூக்கு நுனியிலிருந்து பின்பம்பர் விளிம்புவரை அளந்தேன். 193.7 மி.மீ. வந்தது. 2007-இல் வெளிவந்த நிஸான் ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் கார், அதாவது ஆர்35, நிஜத்தில் 4,655 மி.மீ. நீளம். 24-ஆல் வகுத்தால் 193.96. கால் மில்லிமீட்டர்தான் குறைகிறது. நிஜ வண்டியில் அது ஆறு மில்லிமீட்டர். அகலம் 1,895 மி.மீ., வகுத்தால் 78.96. கிட்டில் 79.1. நோட்டில் இரண்டு பெரிய டிக் போட்டுவிட்டு, இந்தக் கிட் அருமை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வண்டி முடிந்து மேசைமேல் நின்றது. கார் என்றால் உயிரை விடும் நண்பன் ஒருவன் வந்திருந்தான். மாடல் செய்வதெல்லாம் அவனுக்குப் பழக்கமில்லை; நிஜ வண்டிகள்தான் அவன் உலகம். குனிந்து பார்த்தான், சுற்றி வந்து பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான்டா இருக்கு. ஆனா இது ஜிடி-ஆர் இல்ல. ஜிடி-ஆரோட ஒண்ணுவிட்ட தம்பி."

"அளந்து பாத்துட்டேன்டா. கால் மில்லிகூட வித்தியாசம் இல்ல."

"நீ அளந்ததெல்லாம் இருக்கட்டும். ஜாக்கி போட்டுத் தூக்கி வெச்ச மாதிரி நிக்குதே, அதப் பாரு."

பார்த்தேன். அவன் சொல்லும்வரை என் கண்ணில் படாதது, சொன்ன பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. டிக் போட்ட நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கார் கிட்டை எப்படித்தான் எடைபோடுவது என்று முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினேன்.

கம்பெனி பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்த வண்டியை 1/24 அளவில் டமியா, ஃபுஜிமி, அவோஷிமா என்று மூன்று ஜப்பானிய நிறுவனங்களாவது போட்டிருக்கின்றன. ஒரே ஒரு பெட்டியை வைத்து ஒரு கம்பெனிக்குத் தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. தவிர, இந்தக் கதையில் பாதித் தப்பு என்னுடையது.

ஜிடி-ஆரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. வழுவழுவென்று வளைந்தோடும் இத்தாலியக் கார் என்றால், வடிவத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் அது வளைவுக்குள் எங்கோ ஒளிந்துகொள்ளும். ஆர்35 அப்படியில்லை. தட்டையான பக்கவாட்டு, கத்தி விளிம்பு போன்ற ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), பின்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் சட்டென்று ஒரு முறிவு, பின்னால் நான்கு வட்ட விளக்குகள். பார்வைக்குப் பெட்டி மாதிரி இருந்தாலும் அதன் காற்றுத்தடை எண் வெறும் 0.27 என்றுதான் நிஸான் அறிவித்தது. அந்தப் பெட்டித்தனத்துக்குள் அவ்வளவு நுணுக்கமான சரிவுகள் ஒளிந்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்? கூரை எங்கே உச்சம் தொடுகிறது, அங்கிருந்து எந்தக் கோணத்தில் பின்னோக்கி இறங்குகிறது என்பதெல்லாம் இம்மி பிசகினாலும் முகம் மாறிப்போகும். 2007 முதல் 2025 வரை 18 ஆண்டுகள் ஓடிய வடிவம் வேறு. புகைப்படங்களில் பார்த்துப் பார்த்து எல்லோர் கண்ணிலும் பதிந்துபோனது. இதில் யாரையும் ஏமாற்ற முடியாது.

முதலில் அந்தக் கால் மில்லிமீட்டர் சங்கதி. அதைப் பார்த்து நான் பூரித்தது அறியாமை. உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அச்சுக்குள் போய் ஆறும்போது சுருங்கும், சுமாராக 0.4 முதல் 0.7 சதவீதம். 194 மி.மீ. நீள உடற்கூட்டில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதனால் அச்சையே அந்த அளவு பெரிதாக வெட்டியிருப்பார்கள். மொத்த நீளம் துல்லியமாக வந்திருக்கிறதென்றால், அச்சு வெட்டியவர் தன் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார், ஊசி இயந்திரத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒருவர் ஒழுங்காகக் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான். வடிவத்தைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. முகவெட்டு துளியும் ஒட்டாத இரண்டு பேர் ஒரே உயரம் இருப்பதில்லையா?

ஒரு காலத்தில் அளவெடுப்பதே பெரும் பாடு. 1976-இல் வந்த 1/12 போர்ஷே 934 கிட்டுக்காக டமியா நிறுவனம் ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைகொடுத்து வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கதை. இன்றைக்குக் கார் கம்பெனியிடமிருந்து கணினி வரைபடமே வரலாம். இல்லையென்றால் முப்பரிமாண ஸ்கேனர் இருக்கிறது. அளவு தெரியாததால் நேரும் தப்புகள் பெரும்பாலும் ஒழிந்துவிட்டன. இப்போது நேர்வதெல்லாம் தெரிந்தே எடுத்த முடிவுகள். எந்த இடத்தில் நிஜத்தை விட்டு விலகலாம், எவ்வளவு விலகலாம் என்ற முடிவுகள்.

ஏன் விலக வேண்டும்? அப்படியே 24-ஆல் வகுத்துவிட்டால் போகாதா? போகாது. கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நிஜ வண்டியில் இருக்கும் இடைவெளி நான்கு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 0.17 மி.மீ. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அதை அச்சில் வெட்டிவிட முடியும். ஆனால் அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட், நிறம் மூன்று கோட், நிறமற்ற க்ளியர் மூன்று கோட் என்று அடித்து முடிக்கும்போது அந்த இடைவெளிக் கோடு இருந்த சுவடே தெரியாது. நிஜக் காரின் பெயின்ட் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாம் மாடலில் அடிப்பதும் கிட்டத்தட்ட அதே தடிமன்தான்! அதாவது 24 மடங்கு சின்ன வண்டிக்கு முழு வண்டியின் பெயின்ட். நிஜ அளவுக்கு மாற்றிச் சொன்னால், காரின்மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச்சு வேலை. கோடு தூர்ந்து போகாமல் என்ன செய்யும்? ஆகவே கிட் வடிவமைப்பாளர் கோட்டை 0.4, 0.5 என்று அகலமாக வெட்டுகிறார். பொய்தான், ஆனால் நல்ல பொய். முடிந்த வண்டியில் அது உண்மையாகத் தெரியும்.

நல்ல பொய், கெட்ட பொய் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு கிட்டை எடைபோடுவது எனக்கு வேறு வேலையாகிவிட்டது.

ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்35-இன் இரண்டு முன்டயர்களின் மையத்துக்கு இடையே 1,590 மி.மீ., பின்னால் 1,600. வகுத்தால் 66.25, 66.67. என் கிட்டில் முன்பக்கம் 63.4-தான் இருந்தது. பக்கத்துக்கு 1.4 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது. நிஜ வண்டியில் அது 34 மி.மீ. அடுத்தது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. நிஜத்தில் 110 மி.மீ., 1/24-இல் 4.6. என் வண்டி ஆறில் நின்றது. அங்கேயும் அதே 34 மி.மீ.! நண்பனின் கண் காலிப்பரைவிடக் கூர்மை.

இவ்வளவு அளந்து செய்தவர்கள் இதில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டார்கள்? இரண்டு நாள் குடைந்த பிறகுதான் புரிந்தது. உடற்கூட்டின் சுவர் 1.1 மி.மீ. தடிமன். நிஜத்தில் ஒரு மில்லிமீட்டரை எட்டாத தகடு, கிட் கணக்கில் 26 மி.மீ. தடித்த பலகையாகிவிடுகிறது. பிளாஸ்டிக் அச்சு முழுக்கப் பரவவும், கூடு கையில் நசுங்காமல் இருக்கவும் அந்தத் தடிமன் வேண்டும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சக்கர வளைவின் விளிம்பிலும் அதே தடிமன் இருப்பதால், முன்சக்கரத்தைத் திருப்பினால் டயர் இடிக்கும். இடிக்காமல் இருக்கச் சக்கரத்தை உள்ளே தள்ளு. மேலே முட்டாமல் இருக்க வண்டியைக் கொஞ்சம் தூக்கு. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற மூன்றாவது. திருப்பிப் பார்க்கும் வசதிக்காக வண்டியின் நிற்கும் தோரணையையே காவு கொடுத்துவிட்டார்கள். அலமாரிக்குள் ஏறிய பிறகு முன்சக்கரத்தை யார் திருப்பி விளையாடப் போகிறார்கள்?

இதற்குத் தீர்வு கையிலேயே இருக்கிறது என்பது வேறு விஷயம். வளைவின் உள்பக்கத்தை வளைந்த கத்தியாலும் 320 எண் உப்புத்தாளாலும் சரிவாகத் தேய்த்தால், வெளியே தெரியும் விளிம்பு மட்டும் கூர்மையாகி, தகடு மாதிரி காட்டும். இடம் கிடைத்ததும் சக்கரம் மாட்டும் தண்டின் முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வளையம் வைத்து வெளியே தள்ளலாம். இறக்குவதற்குத்தான் சஸ்பென்ஷன் பாகத்தை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். ஆனால் இதையெல்லாம் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து, பளபளவென்று பாலிஷ் போட்ட பிறகு சக்கர வளைவில் உப்புத்தாளை வைத்தவனின் கதையை இங்கே விவரிக்க விருப்பமில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மூன்று வாரம் கையில் வைத்துப் புரட்டிய எனக்குத் தெரியாதது, வந்து நின்ற இரண்டாவது நிமிடத்தில் அவனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் குனிந்தான். நான் குனியவே இல்லை. நின்ற நிலையில் மனிதக் கண்ணின் உயரம் சுமார் 1.6 மீட்டர். 24-ஆல் வகுத்தால் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. மேசைமேல் மாடலை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து, முப்பது சென்டிமீட்டர் மேலிருந்து பார்த்தால், நிஜ வண்டியை ஏழு மீட்டர் உயரத்திலிருந்து, ஏதோ மாடியில் நின்று எட்டிப் பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து கூரையும் பானட்டும்தான் தெரியும். வண்டி தரையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது. கன்னத்தை மேசையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

புகைப்படத்தோடு ஒப்பிடுவதிலும் இதே கணக்குத்தான். கிட் சரியா தப்பா என்று நடக்கும் சண்டைகளில் பாதி, தூரத்தைக் கணக்கில் எடுக்காத சண்டை. நிஜ வண்டியை ஐந்து மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்திருந்தால், மாடலை 21 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால்தான் இரண்டிலும் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள விகிதம் ஒத்துப்போகும். போனைப் பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுபோய்ப் படம் எடுத்துவிட்டு, மூக்கு பெரிதாக இருக்கிறது, பின்பக்கம் சூம்பியிருக்கிறது என்று கிட்டைத் திட்டினால் எப்படி? மூக்கைப் பெரிதாக்கியது போன். கேமராவைத் தள்ளி வைத்து ஜூம் செய்து எடுத்த பிறகு, நான் "தப்பு" என்று எழுதி வைத்திருந்த மூன்று விஷயங்களில் இரண்டு காணாமல் போயின. மூன்றாவது நிஜமான தப்பு: பின்தூணின் அந்த முறிவு இருக்க வேண்டிய கூர்மையில் இல்லை.

அந்த முறிவு மழுங்கியதில் எனக்கும் பங்குண்டு. கார் உடற்கூடு என்பது மேல், முன், பின், இரு பக்கம் என்று பல துண்டு அச்சுகள் கூடி மூடி, பிறகு தனித்தனியே விலகும் வித்தை. பம்பரின் கீழ்ப்பகுதி உள்வாங்கியிருப்பதால் ஒரே அச்சில் எடுக்க வழியில்லை. துண்டுகள் சேரும் இடமெல்லாம் மயிரிழை போல ஒரு மேடு நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அது எங்கே ஓடுகிறதென்று தெரியும். நல்ல அச்சு வடிவமைப்பாளர் அந்தக் கோட்டைக் காரின் சொந்த விளிம்புகளிலோ கதவுக் கோட்டிலோ கொண்டுபோய் ஒளித்துவைப்பார். என் கிட்டில் அது முன்ஃபெண்டரின் மேல்விளிம்போடு ஓடி, கூரைத் தூணில் ஏறி, பின்தூணில் அந்த முறிவுக்கு இரண்டு மில்லிமீட்டர் பக்கத்தில் இறங்கியது. அதைத் தேய்த்து எடுக்கப் போய் பக்கத்திலிருந்த கூர்மையையும் மழுக்கிவிட்டேன். விரலில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தது என் தப்பு. சின்ன மரக்கட்டையில் ஒட்டித் தேய்த்திருந்தால் தளம் தளமாகவும் விளிம்பு விளிம்பாகவும் நின்றிருக்கும். அந்தக் கோட்டை அந்த இடத்தில் வைத்தது அவர்கள் தப்பு. ஆளுக்குப் பாதி.

சக்கரங்கள். நவீனக் காருக்கும் பழைய காருக்கும் மாடலில் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். பழைய காரில் சின்ன ரிம், தடித்த டயர், உள்ளே ஒன்றும் தெரியாது. ஆர்35-இல் 20 அங்குல ரிம். மெல்லிய ஆரங்களுக்குப் பின்னால் பிரேக் முழுவதும் கண்காட்சிப் பொருள் மாதிரி தெரியும். முன்பிரேக் வட்டு 380 மி.மீ., அதாவது மாடலில் 15.8. வட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரெம்போ பிரேக் காலிப்பர்கள் முன்னால் ஆறு பிஸ்டன், பின்னால் நான்கு பிஸ்டன். ஆகவே முன்னதும் பின்னதும் ஒரே மாதிரி இருக்கவே கூடாது. டயரும் அப்படித்தான். முன்னால் 255/40, பின்னால் 285/35 (முதல் எண் மி.மீ.-இல் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் டயரின் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது). கணக்குப் போட்டால் இரண்டின் விட்டமும் மாடலில் ஏறக்குறைய 29.6 மி.மீ.; ஆனால் அகலம் முன்னால் 10.6, பின்னால் 11.9. இந்த ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் பின்பக்கத்துக்கு அந்தக் கனத்தைக் கொடுக்கிறது. என் பெட்டியில் நான்கு டயரும் ஒரே அளவு. பிரேக் காலிப்பர்களும் நான்கும் ஒரே வார்ப்பு. பெட்டிக்குள் கையைவிட்டுப் பத்து விநாடியில் கண்டுபிடித்திருக்கலாம். நான்தான் நீளம் அளப்பதில் மும்முரமாக இருந்தேனே.

இது கெட்ட பொய்யில்கூடச் சேராது, சோம்பல். ஒரு அச்சு மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

கண்ணாடிப் பாகங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தெளிவான பாலிஸ்டைரீன் கடினமானது, ஆனால் நொறுங்கும் குணம் உள்ளது. பாகம் வெட்டும் நிப்பரைக் கண்ணாடிக்கு நெருக்கமாக வைத்து வெட்டினால் வெள்ளை வெடிப்பு உள்ளே ஓடிவிடும். தள்ளி வெட்டி, பிறகு தேய்த்துக்கொள்ள வேண்டும். கிட்டைச் சோதிக்க ஒரு வழி: கண்ணாடிப் பாகத்தை அச்சிட்ட தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். எழுத்துகள் நெளிந்தால் கண்ணாடி மோசம். என் கிட் இதில் தேறியது. முன்கண்ணாடியின் ஓரத்தில் வரும் கறுப்புப் பட்டைக்கு அளவாக வெட்டிய மறைப்பு ஸ்டிக்கரும் கொடுத்திருந்தார்கள். நவீனக் காருக்கு இது சலுகையல்ல, அத்தியாவசியம். இன்றைய கார்களில் கண்ணாடியைச் சுற்றி அந்தக் கறுப்புப் பட்டை இல்லாவிட்டால் மாடல் பொம்மையாகிவிடும். இவ்வளவு நல்ல கண்ணாடியை நான் என்ன செய்தேன்? அவசரத்தில் ஒரு மூலையைச் சூப்பர் க்ளூவில் ஒட்டினேன். அதன் ஆவி படிந்து காலையில் அந்த மூலை முழுக்கப் பனி மூட்டம். கண்ணாடிக்கு, காய்ந்தால் தெளிவாகும் நீர்ப்பசைதான் என்று பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முன்விளக்கின் உள்ளே மொத்தத்துக்கும் குரோம் முலாம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாத்திரம் துலக்கிய மாதிரி ஜொலித்தது. நிஜ விளக்கைப் பாருங்கள்: உள்ளே பெரும்பகுதி கறுப்பும் சாம்பலும்; லென்ஸைச் சுற்றி மட்டும் மின்னும். தவிர, குரோம் பாகத்தை, பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டினால் வெட்டிய இடம் தழும்பாகத் தெரியும். முலாமைச் சுரண்டாமல் பசையும் பிடிக்காது. மொத்தத்தையும் ப்ளீச்சில் ஊறவைத்து முலாமைக் கழற்றிவிட்டு, நானே கறுப்படித்து, தேவையான இடத்தில் மட்டும் வெள்ளி வைத்தேன். முழு வேலையில் எனக்குத் திருப்தி தந்த இடம் அதுதான்.

உள்ளறை சுமார். டாஷ்போர்டின் பட்டன்களை வைத்து எந்த ஆண்டு வண்டி என்று கண்டுபிடித்துவிடலாம், அது ஒரு சுவையான விஷயம். முதல் வடிவத்தில் 27 பட்டன்கள். 2016-இல் வெளியான 2017 மாடலில் திரை பெரிதாகி, பட்டன்கள் 11 ஆகக் குறைந்தன. பழைய திரையின் காட்சிகளை வடிவமைத்தது கிரான் டூரிஸ்மோ வீடியோ விளையாட்டைச் செய்த பாலிஃபோனி டிஜிட்டல். இத்தனை ஆண்டு ஓடிய காருக்குக் கிட் வாங்கும்போது இது முக்கியம்: பெட்டியில் போட்டிருக்கும் ஆண்டும் பம்பர், விளக்கு, டாஷ்போர்டு மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா? பழைய அச்சுக்குப் புதுப் பம்பரை மட்டும் சேர்த்து மறுபடி விற்கும் வழக்கம் உண்டு. என்னுடையது ஒத்துப்போயிற்று.

எஞ்சின் இல்லை, பானட் உடற்கூட்டோடு சேர்ந்தே வார்ப்பு. இதைக் குறையாகச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு உடன்பாடில்லை. ஜிடி-ஆரின் 3.8 லிட்டர் வி6 எஞ்சினை யோகோஹாமா ஆலையில் 'தக்குமி' எனப்படும் கைவினைஞர் ஒருவர் முழுதும் தன் கையாலேயே கோத்தார் என்பது மரியாதைக்குரிய விஷயம். ஆனால் இன்றைய காரில் பானட்டைத் திறந்தால் பெரும்பாலும் தெரிவது மூடிகளும் குழாய்களும்தான். அதற்காகப் பானட்டைத் தனிப் பாகமாக்கினால் கீல் வைக்க வேண்டும், கீலுக்கு இடம் விட வேண்டும், கடைசியில் மூடிய நிலையில் இடைவெளி ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர், மறுபக்கம் முக்கால். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து காட்டுவதற்காக மீதி நாளெல்லாம் கோணல் பானட்டைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

மாறாக அடிப்பாகத்தில் உழைத்திருந்தார்கள். ஆர்35-இல் கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிறது. எஞ்சினிலிருந்து சக்தியைப் பின்னால் கொண்டுபோக ஒரு தண்டு, அங்கிருந்து முன்சக்கரங்களுக்குத் திருப்பிக் கொண்டுவர இணையாக இன்னொரு தண்டு. கிட்டிலும் இரண்டு தண்டு இருந்தது. வண்டியைக் கவிழ்த்தால் தவிர யாருக்கும் தெரியாது. டயரில் மிச்சம் பிடித்தவர்கள் இதில் ஏன் தாராளமாக இருந்தார்கள் என்பது விளங்கவேயில்லை. ஒருவேளை இரண்டையும் வேறு வேறு ஆள் செய்திருப்பார்கள்.

நிறத்துக்கு நான் எடுத்தது வெள்ளி. நிஸான் கொடுத்த நிறங்களில் அல்டிமேட் மெட்டல் சில்வர் பேர்பெற்றது. ஆழமாக, உருகிய உலோகம் மாதிரி இருக்கும். அதை மாடலில் கொண்டுவருவதில் உள்ள சங்கடம் கிட்டோடு சம்பந்தப்பட்டதல்ல. பெயின்டில் மின்னும் உலோகத் துகள்களையும் 24-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால்தானே கண்ணுக்கு ஒக்கும்? கொரகொரப்பான துகள் உள்ள வெள்ளியை அடித்தால், நிஜ அளவில் பட்டாணி பட்டாணியாக மினுக்கும் கார் மாதிரி ஆகிவிடும். துகள் மிக நுண்ணியதாக இருக்கும் வெள்ளியைத் தேடிப்பிடித்து, பளபளக்கும் கறுப்பின்மேல் மெல்லிசாக ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். வெள்ளியில் இன்னொரு வம்பு: அடித்தளத்தில் இருக்கும் கீறல் ஒவ்வொன்றையும் அது ஊருக்குச் சொல்லும். பிளாஸ்டிக் தடித்த இடங்களில் ஆறும்போது ஏற்படும் மெல்லிய பள்ளங்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. என் கிட்டில் கதவின் நடுவே, உள்பக்கம் முட்டுக்கொடுத்த இடத்துக்கு நேர் வெளியே, அப்படி ஒன்று இருந்தது. சாம்பல் பிரைமரில் தப்பித்தது, வெள்ளியில் அகப்பட்டுக்கொண்டது. பட்டி பார்த்துச் சமன்செய்து மறுபடி அடித்தேன். இப்போதெல்லாம் முதல் பிரைமர் காய்ந்ததும் குழாய்விளக்கின் பிம்பத்தை உடற்கூட்டின்மேல் ஓடவிட்டுப் பார்க்கிறேன். கோடு நெளியும் இடத்தில் பள்ளம்.

இவ்வளவுக்குப் பிறகு அந்தக் கிட் நல்லதா கெட்டதா என்று கேட்டால், நல்ல உடற்கூடு, நல்ல கண்ணாடி, வீணான குரோம், மன்னிக்க முடியாத சக்கரங்கள் என்பேன். மதிப்பெண் போடச் சொன்னால் போட மாட்டேன். சக்கர வளைவைத் தேய்க்கத் தயங்காதவருக்கு அது ஒரு கிட். பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டுபவருக்கு வேறு கிட்.

நண்பன் அடுத்த முறை வந்தபோது, அதே காருக்கு வேறொரு கம்பெனி போட்ட கிட் மேசைமேல் இருந்தது. இந்த முறை நீளத்தை அளக்கவில்லை. அடிச்சட்டத்தில் சக்கரங்களைச் சும்மா செருகி, உடற்கூட்டை மேலே வைத்து, பசையே இல்லாமல் மாஸ்கிங் டேப்பால் கட்டிவைத்தேன். அவன் கேட்காமலே குனிந்தான். நானும் பக்கத்தில் குனிந்தேன். இரண்டு பேரும் கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கண்ணை மூடியபடி, வெகுநேரம் பேசவில்லை.

"நிக்குதுடா," என்றான்.

அது நடந்து பத்து நாளாகிறது. இன்னும் ஒரு சொட்டுப் பசை வைக்கவில்லை. வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில், குறுக்கும் நெடுக்கும் மஞ்சள் டேப்போடு, மருத்துவமனையிலிருந்து வந்த மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒருமுறை குனிந்து பார்க்கிறேன். நேற்றுத்தான் கவனித்தேன்: இடது பக்கக் கண்ணாடி, வலதைவிட ஒரு நூல் இறங்கியிருக்கிறது.